விடுமுறை நாளும் வாயிற் கட்டணமும்

விடுமுறை நாளில் எங்கே செல்வது என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரம் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்திலே இந்திர விழா நிறைவெய்தியதும் நகரத்தார் திரள் திரளாகக் கடலாடப் புறப்பட்டனர். கோவலன் கோவேறு கழுதையின் மீதும் மாதவி வண்டியிலும் ஏறிச் சென்றனர் என்று இளங்கோவடிகள் கூறுகின்றார். கடற்கரையிலே மலரும் சாந்தும் விற்போர் விளக்குகள், மோதகம் விற்போர் விளக்குகள், மீன் விற்போர் விளக்குகள், கலங்களுக்கு வழிகாட்டும் விளக்குகள் எனப் பலவும் ஒளி வீசின. கூட்டமும் கடைகளும் இசையும் நிறைந்த அக்காட்சியில் இன்றைய உல்லாசப் பூங்காவின் கூறுகள் யாவும் உள எனலாம். ஆயினும் அன்றைய கொண்டாட்டம் இன்பத்தில் முடியவில்லை. கானல்வரியின் முடிவில் கோவலனும் மாதவியும் பிரிந்தனர். கண்ணகியோ அந்த விழாவுக்கே அழைத்துச் செல்லப்படவில்லை. அவள் வீட்டில் இருந்தாள்.

மகிழ்வதற்கென ஒரு குடும்பம் புறப்படும்போது வீட்டில் விடப்படுபவர் யார் என்பது அன்று எழுந்த கேள்வி. உலகெங்கும் தோன்றிய இன்பச் சோலைகள், பூங்காக்கள், பொருட்காட்சிகள் ஆகியவற்றின் வரலாற்றை நோக்குமிடத்து, அவற்றின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பெரும்பாலும் நிர்ணயித்தது இக்கேள்விக்குக் கிடைத்த விடையே என்பது புலனாகும். அந்த வரலாற்றைக் கொழும்பு மாநகரின் வடபாகத்திலுள்ள கிராண்ட்பாஸிலிருந்து பார்ப்பது பொருத்தமானது. ஏனெனில், கிராண்ட்பாஸ் என்னும் இடப்பெயரே ஒரு வாயிலைக் குறிப்பது.

போர்த்துக்கீசர் களனி கங்கையைக் கடக்கும் துறைகளுள் பெரியதனைப் பெருந்துறை என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். அப்பெயர் ஆங்கிலேயர் நாவில் கிராண்ட்பாஸ் ஆயிற்று. அருகிலுள்ள தொட்டலங்கை என்னும் பெயரும் துறையடுத்த இடம் என்றே பொருள் தரும். கண்டிக்குச் செல்லும் வழி இவ்விடத்தே ஆற்றைக் கடந்தது. தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் காலத்தில், 1822ஆம் ஆண்டு, தோணிகளை வரிசையாகப் பிணைத்து அவற்றின்மேற் பலகை பரப்பிய தோணிப்பாலம் இங்கு அமைக்கப்பட்டது. ஆற்றில் வரும் படகுகளுக்கு வழிவிடும் பொருட்டு அது இடையிடையே திறந்து மூடப்பட்டது. கடப்போர் ஆயம் செலுத்தினர். 1895ஆம் ஆண்டு விக்டோரியாப் பாலம் எழுந்தபின் தோணிப்பாலம் மறைந்தது. காசு கொடுத்தாலன்றி அப்பால் செல்ல இயலாது என்னும் பாடத்தை இவ்வூர் மக்கள் எந்தப் பூங்காவின் வாயிலையும் காணுமுன்னரே கற்றிருந்தனர்.

வாயிற் கட்டணத்தைக் கொண்டு ஒரு பூங்காவை நடத்தலாம் என்னும் எண்ணம் இலண்டன் மாநகரில் வேரூன்றியது. தேம்ஸ் நதியின் தென்கரையிலே பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய வொக்ஸ்ஹோல் பூங்காவை 1732ஆம் ஆண்டு யொனதன் டயர்ஸ் என்பவர் புதுப்பித்துப் புகழ்பெறச் செய்தார். நுழைவதற்கு ஒரு ஷில்லிங் கட்டணம். இசையும் விளக்குகளும் ஓவியங்களும் உணவு மேடைகளும் அங்கே இருந்தன. 1750ஆம் ஆண்டு வெஸ்ட்மினிஸ்டர்ப் பாலம் திறக்கப்படும்வரை பெரும்பாலோர் படகேறி ஆற்றைக் கடந்தே அங்கு சென்றனர். அதற்குப் போட்டியாக 1742ஆம் ஆண்டு ரேனலா பூங்கா திறக்கப்பட்டது. அதன் நடுவே வட்டவடிவான மாபெரும் மண்டபம் ஒன்று இருந்தது. மழை பெய்தாலும் மக்கள் உள்ளே உலாவலாம். கட்டணம் இரண்டரை ஷில்லிங். தேநீரும் ரொட்டியும் அதனுள் அடங்கும்.

இவ்விரண்டுள் எது சிறந்தது என்பது அக்கால இலண்டன் குடும்பங்களின் வாதப்பொருளாயிற்று. செல்வர் ரேனலாவை விரும்பினர். கடைக்காரரும் கைவினைஞரும் மனைவி மக்களுடன் வொக்ஸ்ஹோலுக்குச் சென்றனர். ஒரு ஷில்லிங்கைச் சேமித்து வைத்தால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அங்கு போகலாம். இளங்காதலருக்கும் வொக்ஸ்ஹோலே உவப்பாயிருந்தது. அங்கிருந்த விளக்கில்லாத நடைபாதை ஒன்று அவர்களால் பெயர்பெற்றது. அதனாலேயே முறைப்பாடுகளும் எழுந்தன. ஒரே பூங்கா குழந்தைகளோடு வரும் தாய்க்கும் தனிமை நாடும் தம்பதியர்க்கும் உகந்ததாயிருத்தல் எளிதன்று என்பதை நடத்துவோர் அப்போதே அறிந்துகொண்டனர். ரேனலா 1803ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. கட்டணம் குறைந்த வொக்ஸ்ஹோல் அதன்பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து, 1859ஆம் ஆண்டு தன் கடைசி இரவைக் கண்டது.

அதே 1859ஆம் ஆண்டிற்றான் கொழும்பில் வேறொரு வகையான இடம் நிறைவு பெற்றது. தேசாதிபதி ஸேர் ஹென்றி வோட் காலிமுகத் திடலின் கடலோரமாக நடைபாதை ஒன்றை 1856ஆம் ஆண்டு தொடக்கி 1859ஆம் ஆண்டு முடித்தார். அங்கு நாட்டப்பட்ட கல்லிலே, கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நலன் கருதி இந்நடைபாதையைப் பேணுமாறு தம் பின்னோருக்கு அவர் பரிந்துரைத்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. போர்வீரரையோ வணிகரையோ அக்கல் குறிப்பிடவில்லை. வீட்டில் விடப்படுவோர் எவரோ அவரையே அது முதன்மைப்படுத்தியது. அந்நாளில் அக்கல் கருதிய பெண்கள் பெரும்பாலும் குதிரை வண்டியில் உலாவந்த ஐரோப்பியப் பெண்களே என்பதில் ஐயமில்லை. ஆனால், திடலுக்கு வாயிலும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆதலால் காலப்போக்கில் கல்லின் சொற்கள் அவற்றை எழுதுவித்தவர் எண்ணியதிலும் பெரியனவாயின. திடலில் நடந்துவந்த குதிரைப் பந்தயம் 1893ஆம் ஆண்டு கறுவாத் தோட்டத்துக்கு இடம் மாறியது. புல்வெளி பொதுமக்களுக்கு எஞ்சியது. சென்னையிலும் ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் மெரீனாக் கடற்கரையில் உலாவீதி அமைத்தார். வாயிலற்ற இவ்விரு கடற்கரைகளும் இன்றுவரை தத்தம் நகரத்தின் மிகப் பெரிய விடுமுறைக் களங்களாக இருந்து வருகின்றன.

புகையிரதம் வந்தபின் தெரிவு விரிந்தது. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867ஆம் ஆண்டு பாதை திறந்தது; நானுஓயாவை 1885ஆம் ஆண்டு எட்டியது. தெற்கே கடலோரப் பாதை கல்கிசையைத் தாண்டிச் சென்றது. முன்னொரு காலத்தில் தேசாதிபதி மெயிற்லண்டின் மாளிகையாக எழுந்த கல்கிசைக் கட்டடம் விடுதியாயிற்று. மலையா, கடலா என்பது வசதி படைத்தோரின் வினாவாயிற்று. ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்குச் செல்வது நாகரிகமாகக் கருதப்பட்டது. ஆனால், 1876ஆம் ஆண்டு அங்கு நிறுவப்பட்ட மலைச் சங்கம் நெடுங்காலம் ஐரோப்பியர்க்கே உரியதாயிருந்தது. மலையிலே தேயிலை பறித்த தமிழ்த் தொழிலாளருக்கு நுவரெலியா உழைப்பிடம்; உல்லாசபுரி அன்று. ஓர் ஊர் ஒருவருக்கு விடுமுறையாகவும் இன்னொருவருக்கு வேலைநாளாகவும் அமைவதை உல்லாசப் பயண வரலாற்றில் அடிக்கடி காணலாம்.

கிராண்ட்பாஸ் வாழ் உழைப்பாளருக்குத் தெரிவின் கதவைத் திறந்தது டிராம் வண்டியே. 1899ஆம் ஆண்டு கொழும்பில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. கோட்டையிலிருந்து ஒரு பாதை பொறளைக்கும் மற்றொன்று கிராண்ட்பாஸுக்கும் சென்றன. ஆலைகளும் பண்டகசாலைகளும் பட்டறைகளும் நிறைந்த இப்பகுதியில், தோட்டம் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில், ஒரே குழாயில் நீர் பிடித்து வாழ்ந்த குடும்பங்கள் பல. அவற்றின் முற்றம் குழந்தைகள் ஓடியாடப் போதாது. சில சதம் கொடுத்து டிராம் ஏறிக் கோட்டையில் இறங்கினால், அங்கிருந்து நடந்து காலிமுகத் திடலை அடையலாம். வண்டிச் சத்தம் மட்டுமே செலவு. வாயிற் கட்டணம் இல்லை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் ஒருவரையும் விட்டுச் செல்லவேண்டிய அவசியமில்லை. 1929ஆம் ஆண்டு டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவின் பின்னே நகரின் உழைப்பாளர் திரண்டனர். டிராம் அவர்களின் வேலைக்கும் ஓய்வுக்கும் பொதுவான ஊர்தியாயிருந்தது. 1944ஆம் ஆண்டு மாநகர சபை அச்சேவையைப் பொறுப்பேற்றது. 1960ஆம் ஆண்டு அது முடிவுற்றது. தனியார் பஸ் வண்டிகள் 1958ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் தேசியமயமாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் வந்தன. டிராம் செல்லாத திசைகளுக்கும் பஸ் சென்றது.

காசில்லாத கொண்டாட்டத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கொழும்பின் ஆடிவேல் விழா. 1874ஆம் ஆண்டு முதலாகச் செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து வேல் தாங்கிய தேர் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் சென்று மீண்டது. தேரைக் கண்டு வணங்க வந்தோருடன் கரும்பும் இனிப்பும் விளையாட்டுப் பொருளும் வாங்க வந்தோரும் கலந்தனர். சைவர் மட்டுமன்றிச் சிங்களவரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் காலி வீதியில் கூடினர். கொட்டாஞ்சேனைச் சுற்றாடலிலோ யூன் 13ஆம் நாள் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருவிழா அவ்வாறே பல சமயத்தாரை ஈர்த்தது. பாட்டியும் பேரனும், புதுமணத் தம்பதியரும், கடையை மாலையில் மூடிவிட்டு வரும் வணிகரும் ஒரே வீதியில் தத்தமக்கு வேண்டிய இன்பத்தைப் பெற்றனர். தெய்வத்தின் பெயரால் வீதி முழுவதும் ஒரு நாள் பூங்காவாயிற்று.

இதற்கிடையில் உலகின் மறுபுறத்தில் இயந்திரம் இன்பத்துறையில் நுழைந்தது. 1893ஆம் ஆண்டு சிக்காகோ உலகப் பொருட்காட்சியில் யோர்ஜ் ஃபெரிஸ் என்னும் பொறியியலாளர் 264 அடி உயரமான இராட்டினத்தை நிறுவினார். அதில் 36 அறைகள். அறைக்கு 60 பேராக ஒரே வேளையில் 2160 பேர் சுற்றிவரலாம். கட்டணம் 50 சதம். அதே பொருட்காட்சியில் இலங்கைக்கும் ஒரு மண்டபம் இருந்தது. இன்று நம் ஊர்க் களியாட்ட விழாக்களில் சுழலும் பெருஇராட்டினங்களுக்கெல்லாம் மூதாதை அச்சிக்காகோ இராட்டினமே.

அதன் பின்னர் நியூயோர்க் நகரின் கோனித் தீவிலே மூன்று பூங்காக்கள் போட்டியிட்டன. 1897ஆம் ஆண்டு யோர்ஜ் டில்யூ தொடக்கிய ஸ்டீபிள்சேஸ் முதலாவது. 1903ஆம் ஆண்டு லூனாப் பூங்கா மின்விளக்கு வெள்ளத்துடன் திறந்தது. அதனையும் விஞ்ச எண்ணி 1904ஆம் ஆண்டு ட்ரீம்லாண்ட் எழுந்தது. மூன்றினுள் ஆடம்பரம் மிக்கது இறுதியாக எழுந்ததே. அதுவே 1911ஆம் ஆண்டு தீக்கிரையாகி மீளாது மறைந்தது. ஸ்டீபிள்சேஸும் 1907ஆம் ஆண்டு எரிந்ததுண்டு. டில்யூவோ மறுநாளே எரிந்த இடிபாட்டைப் பார்க்கப் பத்துச் சதம் என்று பலகை எழுதி மாட்டினார். பின்னர் பூங்காவை மீளக் கட்டி எழுப்பினார். அது 1964ஆம் ஆண்டு வரை நிலைத்தது. 1920ஆம் ஆண்டு சுரங்கப் புகையிரதம் ஐந்து சதக் கட்டணத்தில் அத்தீவை எட்டியபோது, நகரின் வறிய குடும்பங்களும் இலட்சக்கணக்கில் கடற்கரையை நிறைத்தன. கிராண்ட்பாஸ் டிராம் கொழும்பில் சிறிய அளவிற் செய்ததை அந்தப் புகையிரதம் அங்கே பெரிய அளவிற் செய்தது.

கொழும்பில் கட்டணம் வாங்கிய இடங்களுள் பெரும்பெயர் பெற்றது தெகிவளை மிருகக்காட்சிச்சாலை. அதன் தோற்றம் ஒரு வணிகத்தின் கதை. ஜேர்மனியில் விலங்கு வணிகத்தால் புகழீட்டிய கார்ல் ஹேகன்பெக்கின் சகோதரர் ஜோன் ஹேகன்பெக் இலங்கையில் வாழ்ந்து விலங்குகளை ஏற்றுமதி செய்துவந்தார். கப்பலேறுமுன் அவற்றை வைத்திருந்த இடமே தெகிவளைச் சோலையாக வளர்ந்தது. நிறுவனம் நட்டமடைந்து கலைக்கப்பட்டபின், 1936ஆம் ஆண்டு அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. மாலை வேளையில் நடைபெற்ற யானைகளின் ஆட்டம் பல்லாண்டுகள் பிள்ளைகளின் கனவாக இருந்தது. இலங்கையின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் பாடசாலைச் சிறார் அதைக் காண வந்தனர்.

ஆயினும் அந்தப் பெயருக்குப் பின்னே மறக்கலாகாத செய்தியொன்று உண்டு. 1880களில் கார்ல் ஹேகன்பெக் விலங்குகளோடு மனிதரையும் இலங்கையிலிருந்து அழைத்துச் சென்று ஐரோப்பிய நகரங்களிற் காட்சிக்கு வைத்தார். யானைகளுடன் ஆடுவோரும் கைத்தொழில் செய்வோரும் குழந்தைகளோடு கூடிய குடும்பங்களும் அங்கே கட்டணம் செலுத்தியோரின் பார்வைப் பொருளாயினர். ஐரோப்பியக் குடும்பம் ஒன்றின் விடுமுறை இன்பத்துக்காக நம் நாட்டுக் குடும்பம் ஒன்று வேலிக்குள் நின்றது. ஓர் உல்லாச இடத்தைத் தெரிந்தெடுப்போர் அங்கு மகிழ்விக்கப்படுவோரைப் போலவே, மகிழ்விப்பதற்காக நிறுத்தப்பட்டிருப்போரையும் நோக்குதல் வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை. விலங்குகளை ஆட்டுவிப்பது பற்றி இன்று எழும் வினாக்களும் இதன் தொடர்ச்சியே.

இரண்டாம் உலகப் போரின்போது விக்டோரியாப் பூங்கா படையினர் வசமாயிற்று. போர் முடிந்தபின் அது திருத்தியமைக்கப்பட்டு 1951ஆம் ஆண்டு மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பின்னர் விகாரமகாதேவிப் பூங்கா எனப் பெயர் பெற்றது. 1952ஆம் ஆண்டு நடந்த கொழும்புத் திட்டப் பொருட்காட்சி புதிய இயந்திரங்களையும் பல நாட்டு மண்டபங்களையும் பார்க்கும் வாய்ப்பை நகர மக்களுக்கு அளித்தது. விடுமுறை நாளே மாறிய காலமும் உண்டு. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறையாயின. சந்திரனின் கதியைப் பின்பற்றிய அவ்வேற்பாட்டினால் கொட்டாஞ்சேனைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல ஞாயிறன்று வேலைக்குச் செல்லவேண்டியதாயிற்று. குடும்பத்தார் யாவருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைப்பதும் கட்டணத்தைப் போன்றதொரு வாயிலே.

இக்காலத்துப் பூங்காக்களின் முன்மாதிரி 1955ஆம் ஆண்டு யூலை 17ஆம் நாள் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாண்ட். வோல்ட் டிஸ்னி தம் புதல்வியரைக் குடை இராட்டினத்தில் ஏற்றிவிட்டுத் தாம் வாங்கில் அமர்ந்து பார்த்திருந்த வேளைகளிலே, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்கும் இடமொன்று வேண்டும் என்னும் எண்ணம் தமக்கு உதித்ததாகக் கூறினார். பூங்காவுக்குள் வந்தும் வாங்கில் விடப்பட்ட தந்தையின் நிலையை அவர் உணர்ந்தமை வியப்புக்குரியது. அவர் கண்டு போற்றிய பூங்காக்களுள் ஒன்று, 1843ஆம் ஆண்டு கோப்பன்ஹேகனில் திறக்கப்பட்ட டிவோலி. அந்நகருக்கு அருகிலுள்ள பாக்கன் பூங்காவோ 1583ஆம் ஆண்டளவில் மக்கள் கூடத் தொடங்கிய நீரூற்றின் அருகே வளர்ந்தது. டிவோலியில் நுழையவே கட்டணம் உண்டு. பாக்கனில் நுழைவு இலவசம், இராட்டினங்களுக்கு மட்டும் பணம். இரண்டும் இன்றும் வாழ்கின்றன. டிஸ்னிலாண்டில் முதலில் நுழைவுக்கும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனிச் சீட்டு இருந்தது. 1982ஆம் ஆண்டு ஒரே சீட்டு முறை வந்தது. இந்த வேறுபாடு குடும்பத்தலைவர்க்கு மிக முக்கியமானது. எல்லாம் அடங்கிய சீட்டு ஓடியாடும் பிள்ளைக்கு இலாபம். நிழலில் அமர்ந்திருக்க விரும்பும் பாட்டிக்கு நட்டம். தனித்தனிச் சீட்டு பாட்டிக்கு இலாபம். பிள்ளையோ ஒவ்வொரு இராட்டினத்தின் முன்னும் தந்தையின் சட்டைப்பையை நோக்கி நிற்க நேரும்.

இவற்றோடு இன்னொரு வாயிலையும் கொழும்புத் தமிழர் அறிவர். அதன் பெயர் அச்சம். 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின்பின் ஆடிவேல் தேர் சில ஆண்டுகள் வீதிக்கு வரவில்லை. போர் நீடித்த காலத்தில் சோதனைச் சாவடிகளைக் கடந்து பிள்ளைகளுடன் கடற்கரைக்குச் செல்வதைப் பல குடும்பங்கள் தவிர்த்தன. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைத் தேவாலயத்திலும் கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. வழிபாட்டுக்கும் விருந்துக்கும் குடும்பமாகச் சென்றோர் மாண்டனர். திடலுக்குக் கட்டணமில்லை என்பது மட்டும் போதாது. அங்கு சென்று பத்திரமாக மீளலாம் என்ற நம்பிக்கையும் வேண்டும். அந்நம்பிக்கை குலைந்த காலங்களில் வீட்டில் விடப்பட்டது ஒருவரல்லர், குடும்பம் முழுவதுமே.

இன்று கிராண்ட்பாஸ் குடும்பத்தின் முன்னே தெரிவுகள் பல. கிழக்கே பாதுக்கைப் பக்கம் லெஷர் வேர்ல்ட் என்னும் பூங்கா. தெற்கே பண்டாரகமையில் பேர்ல் பே என்னும் நீர்ப்பூங்கா. முன்னதற்கு ஒருகொடவத்தை வழியாக அவிசாவளை நோக்கிய வீதியிற் செல்லலாம். பின்னதற்கு 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையில் சென்று கெலனிகமையில் இறங்கலாம். ஆனால் அதற்கு வாகனம் வேண்டும், பாதைக்கு ஆயமும் வேண்டும். தோணிப்பாலத்து ஆயம் இன்று வேறு வடிவிற் காத்திருக்கின்றது. கிராண்ட்பாஸின் கூரைகளுக்கு மேலே நிமிர்ந்து நிற்பது ஏறத்தாழ 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரம். 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் அது மக்களுக்குத் திறக்கப்பட்டபோது சாதாரணச் சீட்டு 500 ரூபா, காத்திராது செல்லும் சீட்டு 2000 ரூபா எனக் கட்டணம் வகுக்கப்பட்டது. பொருளாதார நெருக்கடியால் அரிசிக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற அவ்வாண்டில், ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 2500 ரூபா சிறிய தொகையன்று. அதே ஆண்டில் காலிமுகத் திடல் மக்கள் போராட்டத்தின் களமாயிற்று. போராட்டத்தின் நடுவேயும் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்து வந்தனர்.

இத்தெரிவுகளை எவ்வாறு எடைபோடுவது என்பதற்கு வரலாறு சில அளவுகோல்களைத் தருகின்றது. முதலாவதாக, விளம்பரத்திற் காணும் கட்டணத்தைக் குடும்பத்தின் தலைகளால் பெருக்கி, அதனோடு வண்டிச் சத்தத்தையும் உணவுச் செலவையும் கூட்டுதல் வேண்டும். ரேனலா தேநீரைக் கட்டணத்துள் அடக்கியது போலச் சில இடங்கள் உணவை அடக்கும். வேறு சில இடங்கள் கட்டுச்சோற்றை வாயிலிலேயே தடுக்கும். இரண்டாவதாக, குடும்பத்தில் மூத்தவரும் இளையவரும் அங்கே என்ன செய்வர் என்று வினவுதல் நன்று. நீர்ப்பூங்காவில் பத்து வயதுப் பிள்ளை நாள் முழுவதும் களிக்கும். முழங்கால் நோவுள்ள பாட்டிக்கு அங்கே ஒரு நிழலிருக்கையேனும் உண்டா? மூன்றாவதாக, பெண்கள் தயக்கமின்றி நீராடவும் உடைமாற்றவும் தக்க ஏற்பாடு இருத்தல் வேண்டும். அது இல்லாத இடத்தில் தாய் கரையில் நின்று எல்லோருடைய உடைகளுக்கும் காவலிருப்பாள். வீட்டிலே விடப்படுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. நான்காவதாக, திரும்பிவரும் வழியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடைசிப் பஸ் எப்போது என்பதை அறியாது சென்றோரின் இன்பம் தெருவோரத்தில் முடிவதுண்டு.

தம்பதியர்க்கு அளவுகோல் வேறு. அவர்களுக்கு இராட்டினத்திலும் மேலானது உரையாட ஓர் இடம். நெருக்கமான குடியிருப்புகளில் கூட்டுக் குடும்பமாக வாழும் இளந்தம்பதியர் தனித்திருந்து பேசும் ஒரு மாலைப்பொழுதே பெரும் விடுமுறை. காலிமுகத் திடலின் கரைச்சுவரில் ஒரு குடையின் மறைவில் அமர்ந்து கடலை நோக்கிப் பேசும் இணைகளைக் கொழும்பு பல தலைமுறைகளாகக் கண்டு வந்துள்ளது. வொக்ஸ்ஹோல் தன் நிழற்பாதையில் ஒரு ஷில்லிங்குக்கு விற்றதை இத்திடல் விலையின்றி வழங்குகின்றது. குழந்தைகள் பட்டம் விட, பெரியோர் காற்று வாங்க, இறால் வடை விற்போர் விளக்கேற்றி நிற்க, எல்லா வயதினரும் ஒருவரையொருவர் இடையூறு செய்யாது கூடும் வெளி அது. கட்டணப் பூங்கா ஆண்டுக்கு ஒரு முறை கிட்டும் விருந்து. அதனைத் திட்டமிட்டு, சேமித்து, குடும்பத்தார் யாவரையும் கூட்டிச் செல்வது இனிது. திடலோ வாரந்தோறும் கிட்டும் உணவு.

ஆகவே பூங்காவும் வேண்டும், வெளியும் வேண்டும். ஆனால் பூங்காக்களைக் கட்டுவதற்கு முதலாளிகள் எந்நாளும் முன்வருவர். வாயிலற்ற வெளியைக் காப்பதற்கு மக்களும் மாநகர சபையும் அரசாங்கமும் அல்லால் வேறெவரும் இலர். கிராண்ட்பாஸ் போன்ற நெருக்கடிமிக்க பகுதிகளில் ஒரு சிறு விளையாட்டுத் திடலேனும் குடியிருப்புக்கு நடைதூரத்தில் அமையுமாயின், விடுமுறைக்காக நாற்பது கிலோமீற்றர் செல்ல இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் அன்றாடம் ஒரு மணிநேர விடுமுறை கிட்டும். பெண்களினதும் குழந்தைகளினதும் நலன் கருதிப் பேணுக என்று 1859ஆம் ஆண்டு எழுதப்பட்ட கல், பின்வரும் தேசாதிபதிகளை நோக்கிப் பேசியது. தேசாதிபதிகள் இப்போது இல்லை. அப்பரிந்துரை இன்று நகரத்தின் வாக்காளர் ஒவ்வொருவரிடமும் வந்து சேர்ந்திருக்கின்றது.